நனையாத கிடாய்

வெங்காயம் உரித்தாயிற்று, மசாலா அரைத்தாயிற்று, அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்தாயிற்று, விறகும் காய்ந்து கிடந்தது. ஆடுதான் நனைய மாட்டேன் என்றது. எங்கள் வேலாங்கேந்தல் கருப்பன் கோயிலில் அன்றைக்குச் சமைக்கப் போனவன் நான், பெயர் அங்குச்சாமி. அடுப்படியில் நின்று பார்த்ததைத்தான் சொல்ல முடியும், பசியோடு நின்று பார்த்ததால் கொஞ்சம் காரமும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் நேர்ந்துவிட்ட கிடாயை அப்படியே வெட்டிவிட முடியாது. மாலை போட்டுக் கோயில் வாசலில் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் தெளித்துவிட்டு, ஊரே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஈரம் உறைத்ததும் ஆடு உடம்பைச் சிலுப்பும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை அரிவாளைத் தொடக்கூடாது, அடுப்பைப் பற்ற வைக்கக்கூடாது, அந்தக் கிடாயை முன்னிட்டு வைத்திருக்கிற நல்ல காரியத்தையும் தொடங்கக்கூடாது.

அன்றைய நல்ல காரியம் ஒரு காதுகுத்து. அழகுமீனாள் மகள் கனிஷ்காவுக்கு. நடை பழகும்போதே குத்திவிடுகிற காது இவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலும் மொட்டையாகக் கிடந்தது, அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் இருந்தான், மடியும் இருந்தது, ஊருணிக்கு அந்தப் பக்கம் கீழத்தெருவிலேயே இருந்தது, வரத்தான் இல்லை.

மாமன் பெயர் பூமிநாதன். அழகுமீனாளின் ஒரே தம்பி, வயல்களுக்கு மருந்தடிக்கிறவன். பெண் ஊரில் நடந்த அவன் கல்யாணத்தில், அவன் தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மீதி முடிச்சைப் போட வேண்டியவள் நாத்தனாரான அழகுமீனாள். அவள் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறது போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, சித்தப்பா மகளை விட்டு முடிச்சைப் போடச் சொல்லிவிட்டார்கள். கெட்டிமேளச் சத்தத்தை மண்டப வாசலில் நின்று கேட்ட அழகுமீனாள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். கூடப் பிறந்தவள் வரும்வரை காத்திருக்கக் கூடாதா என்பது அவள் கேள்வி. வந்தவள் உள்ளே வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கக் கூடாதா என்பது அவன் கேள்வி. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான், கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு ஊரில் எல்லாரிடமும் கேட்டார்கள்.

தம்பி வராமல் காது குத்துவதில்லை என்று வருஷக்கணக்காகப் பிடிவாதமாக இருந்த அழகுமீனாள், வகுப்பில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று மகள் அழுததும்தான் இறங்கி வந்தாள். அப்போதும் நேரில் போய் அழைக்கவில்லை. புருஷன் ராசாங்கத்திடம் வெற்றிலை பாக்குத் தட்டைக் கொடுத்தனுப்பினாள். பூமிநாதன் தட்டை வாங்கிக்கொண்டான், வருகிறேன் என்று சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றுவிட்ட தம்பி திருவேங்கடத்தைப் புது வேட்டியோடு இரவல் மடியாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஆனாலும் காலையிலிருந்து அழகுமீனாள் பார்த்துக்கொண்டிருந்தது கீழத்தெரு வழியைத்தான்.

கிடாயைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் அவள். மழையில் நின்றாலும் இது நனையாமல் வருகிறதே என்று ஒருதடவை ராசாங்கத்திடம் சொன்னாளாம், நல்லதுதானே, சளி பிடிக்காது என்றானாம் அவன். அதோடு விட்டுவிட்டார்கள். மழைத் தண்ணீர் ஒட்டாத ஆட்டின் மேல் சாமித் தண்ணீர் மட்டும் ஒட்டிவிடும் என்று நம்பி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

சங்கையா பூசாரி முதல் செம்பைக் கவிழ்த்தார். விழுந்த தண்ணீர் பரவவில்லை. மணி மணியாக உடைந்து, ஜவ்வரிசி மாதிரி முதுகில் உருண்டு, போகிற வழியில் கிடந்த தூசியையும் வைக்கோல் துணுக்கையும் பொறுக்கிக்கொண்டு, விலாப் பக்கமாக இறங்கி, மண்ணில் விழுந்த பிறகுதான் மறுபடி தண்ணீரானது. ஆட்டின் மேல் ஒரு மயிர் நனையவில்லை, இருந்த அழுக்கும் போய் இன்னும் பளபளப்பாக நின்றது. குடத்தோடு ஊற்றினார்கள், குடத்துத் தண்ணீரும் உருண்டு ஓடியது. பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைப் போட்டு ஓஸ் குழாயை இழுத்து வந்து அடித்தார்கள், அடித்த தண்ணீர் முதுகில் மோதிப் பந்தாக எகிறிச் சுற்றி நின்றவர்களின் பட்டுச்சேலையை நனைத்தது, பூசாரியின் சந்தனத்தைக் கரைத்தது, திருவேங்கடத்தின் இரவல் மடியைத் தொப்பலாக்கியது. கிடாய் தன் கழுத்து மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியைப் பிடுங்கித் தின்றது.

தண்ணீர் ஏன் ஒட்டவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஊருணியில் தாமரை இலையாகத் தின்று வளர்ந்த ஆடு, அதனால் இருக்கும் என்று ஒருவர் சொன்னார், இருக்கும் இருக்கும் என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். உத்தரவு ஏன் வரவில்லை என்பதுதான் எங்கள் கவலை.

"தண்ணி ஒட்டாதது கெடக்கட்டும்ப்பா," என்றார் சங்கையா பூசாரி. "கருப்பனுக்கு மனசு ஒட்டல. இங்க யாருக்கோ மனக்குறை இருக்கு. இருக்கவுக முன்னால வந்து சொல்லிட்டுத் தெளிங்க."

இப்படிச் சொன்னால் யாராவது ஒருவர் வருவார் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அன்றைக்கு ஒரு வரிசையே நின்றது. தன்னால்தான் இருக்குமோ, தன்னால்தான் இருக்குமோ என்று ஒவ்வொருவருக்கும் சந்தேகம். பக்கத்து வயலுக்குப் போக வேண்டிய மடையை ராத்திரி ராத்திரியாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டவர் அதைச் சொல்லிவிட்டுத் தெளித்தார், தண்ணீர் உருண்டது; ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டு ஒரே அடுப்பில் பொங்கிக்கொண்டு ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்த இரண்டு மருமகள்கள் ஒரே செம்பில் கை வைத்துத் தெளித்தார்கள், தண்ணீர் உருண்டது; பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றவர் தனக்கு ஓட்டுப் போடாத அத்தனை பேரையும் மன்னித்துவிட்டதாகச் சொல்லித் தெளித்தார், உருண்டது, உடனே திரும்பி நின்று இப்போதுதான் நிஜமாக மன்னிக்கிறேன் என்று சொல்லி மறுபடி தெளித்தார், அதுவும் உருண்டது; அப்பாவைக் கடைசிக் காலத்தில் சரியாகப் பார்க்கவில்லை என்று ஒரு மகன் ஆட்டின் காதுக்குள் போய்ச் சொன்னான், சொல்லிவிட்டு வெகுநேரம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான், அவன் சட்டை நனைந்திருந்தது, ஆடு நனையவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. மடைக்காரரும் பக்கத்து வயல்காரரும் ஒரே துண்டை விரித்து வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள்கள் ஒருத்தி தலையில் ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க மனசு லேசாகிவிட்டது, வயிறும் லேசாகிவிட்டது. மிச்சம் இருந்த ஒரே ஒரு மனக்குறை யாருடையது என்று காலையிலிருந்தே எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லி அழகுமீனாளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள யாரும் தயாராக இல்லாததால்தான் அவ்வளவு நேரம் தங்கள் குறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அரைத்து வைத்த மசாலா வெயிலில் காய ஆரம்பித்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பூமிநாதன் ஒருத்தந்தானப்பா இன்னும் தெளிக்கல," என்றேன்.

அழகுமீனாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் போயி அவன் வாசல்ல நிக்க மாட்டேன்ண்ணே. செத்தாலும் நிக்க மாட்டேன்."

"நீ எதுக்குத்தா நிக்கணும்? ஆடு போயி நிக்கட்டும். அவன் வெளிய வந்து ஒரு கை தண்ணி தெளிச்சுட்டா நம்ம சோலி முடிஞ்சுது."

பூசாரிக்கு இது பிடித்துப்போயிற்று. கிடாயின் கயிற்றை ராசாங்கம் பிடித்து இழுத்தான், அது நகரவில்லை. திருவேங்கடம் பிடித்தான், முட்டித் தள்ளியது. வளர்த்தவளைத் தவிர யார் பின்னாலும் போகாத ஆடு அது. கடைசியில் அழகுமீனாளே வந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆட்டைத்தான் கூட்டிட்டுப் போறேன், அவங்கிட்டப் பேசப் போகல, நல்லாக் கேட்டுக்கங்க," என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

முன்னால் அவள், அவள் பின்னால் ஆடு, ஆட்டின் பின்னால் செம்போடு பூசாரி, அவருக்குப் பின்னால் கனிஷ்காவைத் தூக்கிக்கொண்டு ராசாங்கம், காது குத்த வந்த ஆசாரி, மேளக்காரர்கள், சொந்தக்காரர்கள், கரண்டியோடு நான் என்று ஊருணிக் கரையைச் சுற்றிக் கீழத்தெருவுக்குள் நுழைந்தோம். சாமி வருகிறதென்று நினைத்து வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலில் வந்து நின்று ஆட்டின் காலில் தண்ணீர் ஊற்றினார்கள், ஊற்றிய தண்ணீர் குளம்புகளைச் சுற்றி உருண்டு விளையாடியது, சின்னப் பிள்ளைகள் அதை விரட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்தார்கள், கோயிலுக்கு வராத வீட்டுக்காரர்களும் தங்களுக்கு இருந்த குறைகளை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். பூமிநாதன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தெருவில் ஆள் நிற்க இடமில்லை.

அவன் மனைவி தமிழரசி கதவைத் திறந்தாள், பார்த்தாள், பதறாமல் உள்ளே திரும்பிச் சொன்னாள். "என்னங்க, ஆடு வந்திருக்கு."

"யாரு கூட?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மதினிதான் கூட்டிக்கிட்டு வந்துருக்காக."

பூமிநாதன் வெளியே வந்தான். அவன் புது வேட்டி கட்டியிருந்தான், உட்கார்ந்து உட்கார்ந்து அது கசங்கியிருந்தது. திறந்திருந்த கதவு வழியாக உள்ளே சீர்த்தட்டு தெரிந்தது, பாவாடை சட்டை, வாழைப்பழம், பூ, நடுவில் சின்னக் கம்மல். காலையிலேயே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, கிளம்பத் தைரியம் வராமல் உட்கார்ந்திருக்கிறான் மனுஷன். எனக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது. அழகுமீனாளும் அந்தத் தட்டைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஆட்டின் கொம்பைக் குனிந்து பிடித்துக்கொண்டாள்.

பூசாரி விஷயத்தைச் சொன்னார். பூமிநாதன் செம்பை வாங்கித் தெளித்தான். தண்ணீர் உருண்டு ஓடியது. கூட்டம் பெருமூச்சு விட்டது. அவன் மட்டும் உட்கார்ந்து, தொழில் பார்க்கிறவனின் கண்ணோடு ஆட்டின் முதுகை உற்றுப் பார்த்தான்.

"சேப்பங்கிழங்கு எலையில இப்பிடித்தான் ஓடும்," என்றான். "பெரிய துளி நிக்காது. புகையாட்டம் பொடிசா அடிச்சா நிக்கும்."

"மருந்து ஒட்டுறதுக்குச் சோப்புத் தண்ணி கலப்பியே மாப்ள, அதைக் கலந்துரு," என்றான் ராசாங்கம்.

"கருப்பனுக்கே சோப்புப் போடுறீகளாப்பா?" என்றார் பூசாரி. ராசாங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பூமிநாதன் உள்ளே போய் இன்னும் மருந்தே படாத புது ஸ்ப்ரேயரை எடுத்து வந்தான். மஞ்சள் தண்ணீரை வடிகட்டி அதில் ஊற்றி, முதுகில் மாட்டிக்கொண்டு, குழாய் முனையைத் திருகித் திருகிச் சின்னதாக்கினான். ஆட்டின் எதிரே கொம்பைப் பிடித்தபடி அவன் அக்கா நின்றாள். அவன் குழாயை நீட்டினான், இறக்கினான், மறுபடி நீட்டினான். அப்புறம் சொன்னான்.

"அக்கா, தள்ளி நில்லு. கண்ணுல தெறிக்கும்."

அழகுமீனாள் கொம்பை விடவில்லை.

"தெறிச்சாத் தெறிக்கட்டும்டா," என்றாள் அழகுமீனாள். "நீ அடி."

அவன் அடித்தான். புகையாக வந்த தண்ணீர் ஆட்டின் மேலும் அவள் மேலும் அவன் மேலும் இறங்கியது. அக்காவும் தம்பியும் நனைந்தார்கள். ஆட்டின் மேல் கடுகைவிடச் சின்னத் துளிகள் மயிர் நுனிக்கு ஒன்றாக உட்கார்ந்தன. உருண்டு ஓட அவற்றுக்குக் கனம் போதவில்லை. ஆடு முழுக்கப் பனி பெய்த மாதிரி வெளுத்தது. பிறகு அடுத்தடுத்து இருந்த இரண்டு துளிகள் ஒன்றையொன்று தொட்டன, தொட்டதும் ஒன்றாயின, ஒன்றானதும் துள்ளின. யாரும் தட்டவில்லை, காற்றும் அடிக்கவில்லை, தாமாகத் துள்ளி அந்தரத்தில் எழுந்தன. அதைப் பார்த்து அடுத்த இரண்டு, அதற்கடுத்த இரண்டு, விழுந்தவை இன்னொன்றோடு சேர்ந்து மறுபடி துள்ள, கழுத்தில் துள்ள, முதுகில் துள்ள, வால் வரைக்கும் துள்ள, எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி ஆடு முழுக்கத் தண்ணீர் பொரிந்தது. அதில் ஒன்று அதன் மூக்குக்குள் போனது, ஒன்று காதுக்குள் போனது. காலையிலிருந்து ஊரே ஊற்றிய தண்ணீருக்கு அசையாத கிடாய், கூச்சம் தாங்காமல், கொம்பிலிருந்து வால் வரைக்கும் உடம்பைச் சிலுப்பியது.

யாரும் கத்தவில்லை, மேளக்காரர்கள்கூட அடிக்க மறந்துவிட்டார்கள். அப்பாடா என்று ஒரு சத்தம் மட்டும் தெரு முழுக்க எழுந்து அடங்கியது. அக்காவும் தம்பியும் அழுதார்கள். முகத்தில் மஞ்சள் தண்ணீர் இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

இனி ஆட்டின் கதை. உத்தரவு வந்துவிட்டது, முறைப்படி அதைக் கோயிலுக்குத் திருப்பி ஓட்டிக்கொண்டுபோய் வெட்டியிருக்க வேண்டும். அரிவாளோடு வந்தவன் மற்றவர்களைப் பார்த்தான், மற்றவர்கள் பூசாரியைப் பார்த்தார்கள். காலையிலிருந்து தங்கள் மனசில் இருந்ததையெல்லாம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்ட ஆடு அது. அதை வெட்டித் தின்ன யாருக்கும் மனம் வரவில்லை. பூசாரி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "கருப்பன் உத்தரவு குடுத்தது கோயில்ல இல்ல, மாமன் வீட்டு வாசல்ல. வாசல்ல குடுத்த உத்தரவு காது குத்தத்தான், வெட்டுறதுக்கு இல்ல," என்று தீர்ப்புச் சொன்னார். அப்படி ஒரு சட்டம் இருப்பதாக அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இருந்த மசாலாவுக்குக் கீழத்தெரு முழுக்க வீடு வீடாக முட்டை வசூலித்து நான் ஒரு குழம்பு வைத்தேன், அதைப் போல் ஒரு குழம்பை அதற்கு முன்னும் பின்னும் வைத்ததில்லை.

அந்தக் கிடாய் வயதாகித்தான் செத்தது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால், ஆடு தங்கள் வாசலுக்கு வந்து நின்றுவிடக் கூடாதே என்ற பயத்தில், எங்கள் ஊரில் சண்டை போட்டவர்கள் அவசர அவசரமாக ஒருவர் வீட்டில் ஒருவர் காபி குடித்துவிடுவார்கள். அது போன பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது இதையல்ல, அன்றைக்கு அந்த வாசலில் நடந்ததை.

வாசலில் பாய் விரித்தார்கள். திருவேங்கடம் காய்ந்துபோன தன் மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு சந்தோஷமாக ஒதுங்கினான். பூமிநாதன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான், வேட்டி நனைந்திருந்தது. அழகுமீனாள் மகளைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். ஆசாரி கம்பியைச் சந்தனத்தில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். கனிஷ்கா அண்ணாந்து, அதுவரை கிட்டத்தில் பார்த்தே இராத அந்த முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"ஒன் மாமன்த்தா."

"அப்ப ஏன் இத்தனை நாளா வரல?"

தெருவே அவன் வாயைப் பார்த்தது. பஸ் நின்றதைச் சொல்லலாம், நல்ல நேரம் முடிந்ததைச் சொல்லலாம், பெரியவர்கள் மேல் போடலாம், அவனிடம் காரணங்களுக்குக் குறைவில்லை.

"வெக்கமா இருந்துச்சுத்தா," என்றான் பூமிநாதன். "வந்து நிக்கிறதுக்கு."

பிள்ளை அதைக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "ஒனக்குமாம்மா?"

அழகுமீனாள் தம்பி பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். "எனக்குந்தான்," என்றாள்.

ஆசாரி அனுபவஸ்தர். இந்தப் பேச்சு முடிவதற்குள் ஒரு காதையும், அவள் அம்மா பக்கம் திரும்பியபோது இன்னொரு காதையும் குத்தி முடித்திருந்தார். கனிஷ்கா மெதுவாகக் கையைத் தூக்கிக் காதைத் தொட்டுப் பார்த்தாள், அப்புறம்தான் வலி தெரிந்து தெருவே அதிரும்படி வீறிட்டு அழுதாள். மாமன் மடியை விட்டு மட்டும் எழுந்திருக்கவில்லை.